காஞ்சியின் பிரகசனமும் சின்னத்திரை நாயகியும்

காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள புள்ளலூர் என்னும் சிற்றூர் சரித்திர நூல்களில் இடம்பெற்றது போர்களினாலேயே. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ஹைதர் அலியின் சேனையும் அவர் மைந்தர் திப்புவின் சேனையும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தது இவ்வூர்ப் புறத்தில்தான். அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னே, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் பெரும்பகைவர்களைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு பெருமிதத்தோடு உரைக்கிறது. அப்பகைவர்கள் சாளுக்கியப் புலிகேசியின் படையினரே என்பது சரித்திர ஆசிரியர் பலரின் துணிபு. 634ஆம் ஆண்டின் ஐஹொளெ சாசனமோ, புலிகேசியின் சேனை எழுப்பிய புழுதியில் ஒளி மங்கிய பல்லவன் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்று எதிர்வழக்காடுகிறது.

இவ்வாறு இரு தரப்பாரும் வெற்றி கொண்டாடிய போரில் ஈடுபட்ட மகேந்திரனே, 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகத்தையும் வடமொழியில் இயற்றினான். 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் அதனைப் பதிப்பித்த பின்பு, போர்க்களத்தில் கண்ட மன்னனை அரங்கின் ஆசிரியனாகவும் உலகம் அறிந்தது. நாடகம் நடைபெறும் இடமும் காஞ்சி நகரமே. அதன் தோற்றுவாயில், இளைய மனைவியின் பொருட்டுச் சினந்திருக்கும் மூத்த மனைவியைத் தணிக்கவே சூத்திரதாரன் வருகிறான். அவளோ நடிப்புத் தொழில் அறிந்தவள். கதை தொடங்கியபின், கள்ளின் மயக்கத்திலிருக்கும் சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையின் பெயரைத் தடுமாறிச் சோமதேவை என்று அழைத்துவிட, அந்தச் சோமதேவை யார் என்று அவள் வினவ, நாய் கவ்விச் சென்ற கபாலத்தைத் தேடும் கதையோடு இந்தப் பிணக்கும் கலந்து நகைச்சுவை பெருகுகிறது. ஒரு குடும்பத்துப் பூசலும், ஒரு பெயரின் குழப்பமும், கணவனுக்குச் சிறிதும் சளைக்காத ஒரு பெண்ணும் அமைந்தால் அரங்கத்தைச் சிரிக்க வைக்கலாம் என்னும் இரகசியம் ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சிக்குத் தெரிந்திருந்தது.

அந்த இரகசியம் பிற்காலத்தில் பெண்களின் கையில் நிலைக்கவில்லை. கேரளத்துக் கூடியாட்டத்தில் நங்கையார்கள் பெண் வேடங்களைத் தாங்கிவர, காஞ்சி வட்டாரத்தில் விடிய விடிய ஆடப்படும் பாரதக் கூத்திலோ மரபாகத் திரௌபதியும் ஆண், சுபத்திரையும் ஆண். சபையைச் சிரிக்க வைக்கும் உரிமை கட்டியக்காரனுக்கே உரியதாயிற்று. நாடகக் கம்பெனிகளின் காலத்திலும் பெண் வேடத்தைச் சிறுவர்களே பெரும்பாலும் புனைந்தனர். சினிமா வந்தபின் டி. ஏ. மதுரம் அம்மையார் கலைவாணருக்கு இணையாக நின்று நகைச்சுவையில் பெண்ணின் தகுதியை நிலைநாட்டினார். கலைவாணர் சிறையிலிருந்த காலத்தில் அவருடைய நாடக சபையைக் கலையாமல் காத்தவரும் அவரே. 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் திரைக்கு வந்த மனோரமா, 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் ஜில் ஜில் ரமாமணியாக நாடகக்காரி ஒருத்தியின் ஆசாபாசங்களையெல்லாம் வெளிக்கொணர்ந்தார். ஆயினும் சினிமாவின் நகைச்சுவை நடிகை, எத்துணை வல்லவராயினும், நாயகன் நாயகியின் கதைக்கு இடைவெளியில் வந்து போகும் விருந்தாளியாகவே இருந்தார்.

அந்நிலையை மாற்றியது தொலைக்காட்சி. வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்க்கப்படும் பெட்டிக்கு வீட்டுக் கூடமே உகந்த அரங்கம். அவ்வரங்கத்தில் மனைவி ஓரத்தில் நிற்க இயலாது. அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரின் லூசில் பால் இதனை மெய்ப்பித்தார். தமிழில் அதற்குச் சிறந்த சான்று, கே. பாலசந்தரின் 'மின்பிம்பங்கள்' நிறுவனத்துக்காக நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. முதற் பகுதியில் ராம்ஜியும் வாசுகியும் நடிக்க, அடுத்த பகுதியில் பிருத்விராஜோடு இணைந்து மனைவி ரமணியானவர் தேவதர்சினி.

நாகாவின் 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' என்னும் அச்சமூட்டும் தொடரில் முன்னரே நடித்து, அதில் உடன் நடித்த சேத்தனையே மணந்தவர் தேவதர்சினி. அச்சத்திலிருந்து ஹாஸ்யத்துக்கு அவர் தாவியபோது துணை நின்றது நிதானம். முகத்தைக் கோணலாக்கியோ குரலை உயர்த்தியோ சிரிப்பை யாசிக்காமல், தான் சொல்வது முழு நியாயம் என்னும் உறுதியோடு வசனத்தை வழங்கி, அந்த உறுதியாலேயே கணவனின் வாதத்தைக் கவிழ்ப்பது அவருடைய பாணி. 'பார்த்திபன் கனவு' படத்துக்காக 2003ஆம் ஆண்டின் சிறந்த நகைச்சுவை நடிப்புக்குரிய தமிழக அரசு விருது அவருக்குக் கிட்டிற்று. பின்னர் 'காஞ்சனா'விலும், '96' படத்திலும், 'தி ஃபேமிலி மேன்' இந்தித் தொடரின் உமையாளாகவும் அந்த நிதானமே அவருக்குக் கைகொடுத்தது.

எனினும் சின்னத்திரை அவரை நெடுங்காலம் ஏந்திய பாத்திரம் நகைச்சுவைப் பாத்திரம் அன்று. 2007 முதல் 2012 வரை ஓடிய 'அத்திப் பூக்கள்' தொடரில் இன்னல்களைத் தாங்கும் கற்பகம் என்னும் நாயகியாகவே இல்லந்தோறும் அவர் அறியப்பட்டார். நாள்தோறும் வரவேண்டிய தொடருக்குக் கண்ணீர் எளிதில் வற்றாத ஊற்று. சிரிப்போ ஒவ்வொரு பகுதிக்கும் புதிதாகக் கற்பனை செய்யப்பட வேண்டிய சரக்கு. ஆகவே எழுத்தாளரின் உழைப்பைப் பெரிதும் வேண்டும் குடும்ப நகைச்சுவை, தினத்தொடர் வாணிபத்தின் முன் பின்வாங்கியது. மகேந்திரனைப் போல நடிகையின் வாயில் நல்ல வசனத்தை வைக்க அக்கறை கொண்ட ஆசிரியர் இல்லாத வரையில், எத்துணை தேர்ந்த நகைச்சுவை நடிகைக்கும் அழுவதற்கே சம்பளம் கிடைக்கும்.