சொல்லிக் கொடுத்தவங்களுக்கு ஏது சான்றிதழ்?

சென்னையிலேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போறவங்க, மரக்காணத்துல பாத்தி பாத்தியா விரிஞ்சு கிடக்கிற உப்பளத்தைப் பார்த்திருப்பீங்க. வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கறவங்களும் உண்டு. அந்தப் பாத்தியில விடியறதுக்கு முன்னாடியே இறங்கி வேலை பார்க்கிற பெண்கள்ல, வயசானவங்க பலபேர் பள்ளிக்கூடம் பக்கமே போகாதவங்க. எங்க தெருவுல பிளஸ் டூ முடிச்ச பொண்ணு ஒண்ணு, அவங்கள்ல எட்டுப் பேருக்கு ராத்திரியில எழுத்து சொல்லிக் கொடுக்குது. போன மாசம் அது என்னைக் கேட்டுச்சு: "பெரியப்பா, பெரியவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுக்குன்னு தபால்ல படிச்சு ஏதாவது சான்றிதழ் வாங்க முடியுமா?"

சின்னக் கேள்விதான். ஆனா பதில் சொல்லணும்னா நாற்பத்தஞ்சு வருஷத்துக்கும் மேல பின்னாடி போகணும்.

1978 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள் அன்னைக்கு மத்திய அரசு தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கிச்சு. 15 வயசுலேர்ந்து 35 வயசுக்குள்ள இருக்கிற 10 கோடிப் பேருக்கு அஞ்சு வருஷத்துல எழுத்தறிவு கொடுக்கணும்னு கணக்கு. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப "முதியோர் கல்வி"ன்னு ஊர்ல பேசிக்கிட்டது இதைத்தான். அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, ஊர்லயே நாலு எழுத்துப் படிச்ச ஒருத்தர் வாத்தியார், அவருக்குச் சொற்பமா ஒரு மதிப்பூதியம். நினைச்ச இலக்கு எட்டலை.

அடுத்து 1988 மே 5-ல தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்துச்சு. இந்தத் தடவை வழி வேற. கேரளாவுல எர்ணாகுளம் மாவட்டம் முழுக்கத் தொண்டர்களை வச்சே பாடம் நடத்தி, 1990 பிப்ரவரியில முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம்னு அறிவிச்சாங்க. எங்களுக்கு முப்பத்தஞ்சு கிலோமீட்டர்ல இருக்கிற பாண்டிச்சேரியிலயும் அறிவொளி இயக்கம் வந்துச்சு. 1991-ல புதுக்கோட்டை. அங்க கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்துல, கல்குவாரியில வேலை செஞ்ச பெண்கள் படிக்க வந்ததும், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதும் நாடு முழுக்கப் பேசப்பட்ட கதை.

அந்த வகுப்புகளை நடத்தினது யாரு? பத்தாவது படிச்ச பொண்ணுங்க, வேலை கிடைக்காத பசங்க, கடைக்காரர், டெய்லர். சம்பளம் கிடையாது. சில நாள் பயிற்சி, கையில பாடப் புத்தகம், ஊரைக் கூட்டப் பாட்டும் தெருநாடகமும். அவ்வளவுதான்.

ஆனா அவங்ககிட்ட எதிர்பார்த்தது லேசுப்பட்டதில்லை. மூணு புத்தகம், சுமார் 200 மணி நேரம். முடிவுல, படிக்கிறவங்க நிமிஷத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்கணும், மனசுக்குள்ள 35 சொல். பார்த்து எழுதினா நிமிஷத்துக்கு 7 சொல், சொல்லக் கேட்டு எழுதினா 5 சொல். ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் எண், மூணு இலக்கத்துல கூட்டல் கழித்தல். இதெல்லாம் இயக்கம் வகுத்த அளவுகோல்.

உப்பு வாரி வாரிக் காய்ச்சுப் போன கையில பென்சிலைப் பிடிக்க வைக்கிறது எப்படிப்பட்ட வேலைன்னு யோசிச்சுப் பாருங்க. குழந்தைக்குச் சொல்ற மாதிரி அ, ஆ-ன்னு ஆரம்பிச்சா மூணாம் நாள் வரமாட்டாங்க. அவங்க பேரு, கூலி, ரேஷன் அட்டை, பஸ் போர்டுன்னு தெரிஞ்ச சொல்லுலேர்ந்து எழுத்துக்குப் போகணும். வெயில் காலத்துல உப்பளம் மும்முரமா இருக்கும், சாப்பிட்டதும் கண்ணு சொருகும். ஐப்பசி, கார்த்திகை மழையில உப்பளத்துல வேலை இருக்காது. அப்பதான் வகுப்பு நிறையும். ஆனா அந்த மாசத்துலதான் கையில காசும் இருக்காது, மனசும் பாடத்துல இருக்காது. இதையெல்லாம் பார்த்துப் பாடம் நடத்தறது ஒரு தொழில் அறிவு. பி.எட். படிச்ச எல்லாருக்கும் இது தானா வந்துடாது.

இன்னொரு பக்கம் தபால் வழிக் கல்வி தனியா வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு. மதுரைப் பல்கலைக்கழகத்துல 1971, அண்ணாமலையில 1979, சென்னையில 1981. 1985-ல இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-ல தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே பாடம் வந்துச்சு. எங்க பக்கத்துல விவசாயம் பார்த்துக்கிட்டே பட்டம் வாங்கினவங்க நிறைய உண்டு.

இந்த ரெண்டு பாதையும் ஒரு இடத்துல சேரத்தான் செஞ்சுது. இந்திரா காந்தி பல்கலைக்கழகம் வயது வந்தோர் கல்விக்குன்னே ரெண்டு படிப்பு கொண்டு வந்துச்சு: ஒண்ணு ஆறு மாசச் சான்றிதழ், இன்னொண்ணு ரெண்டு வருஷ எம்.ஏ. ஆனா அந்த ஆறு மாசச் சான்றிதழும் முதுநிலைச் சான்றிதழ்தான். அதுல சேரவே ஒரு பட்டம் வேணும். அதாவது, ராத்திரியில சொல்லிக் கொடுக்கிற பிளஸ் டூ பொண்ணுக்கு அதுல இடம் இல்லை.

2009 செப்டம்பர் 8-ல சாக்‌ஷர் பாரத் வந்தப்ப, ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. படிச்சவங்களுக்குத் தேர்வு வச்சு, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூலமா சான்றிதழ் கொடுத்தாங்க. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொண்ணுக்கும் 50, மொத்தம் 150 மதிப்பெண். அறுபது வயசுப் பாட்டி பேர் போட்ட காகிதத்தை வாங்கும்போது முகத்துல வர்ற வெளிச்சம் வேற. ஊராட்சி மையத்தைப் பார்த்துக்கிட்ட ஊக்குநருக்கு மாசம் 2,000 ரூபாய். பாடம் சொன்ன தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. 2018 மார்ச்சோட அந்தத் திட்டமும் முடிஞ்சுது. அப்புறம் தமிழ்நாட்டுல கற்போம் எழுதுவோம், 2022-லேர்ந்து புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். இதுலயும் பாடம் நடத்தறது தன்னார்வலர்கள்தான்.

காசு, காகிதம் எதையும் எதிர்பார்க்காம வந்ததாலதான் அறிவொளி அவ்வளவு பெரிசா நடந்துச்சுன்னு சொல்வாங்க. அதுல உண்மை இருக்கு. சான்றிதழ் இருந்தாத்தான் சொல்லிக் கொடுக்கலாம்னு விதி போட்டிருந்தா, ஒரு தெருவுலயும் விளக்கு எரிஞ்சிருக்காது. ஆனா சேரும்போது கேட்காததை, முடிச்ச பிறகு கொடுக்கறதுக்கு என்ன தடை? இருபது பேருக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் கொடுத்த பெண், பின்னால ஒரு அங்கன்வாடி வேலைக்கோ, ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ போனா, "என்ன அனுபவம்?"னு கேட்கிறாங்க. அப்ப காட்ட அவகிட்ட ஒண்ணும் இல்லை.

எனக்குத் தோணுறது இதுதான். பிளஸ் டூ தகுதியில, தமிழ்லயே, ஆறு மாசத் தபால் படிப்பு. பாதி மதிப்பெண் புத்தகத்துக்கு. மீதிப் பாதி, அவங்க சொல்லிக் கொடுத்த ஆளுங்க தேர்வுல எப்படி வாசிச்சாங்க, எப்படி எழுதினாங்கங்கிறதுக்கு. பெரிய செலவில்லை.

அந்தப் பொண்ணுகிட்ட நடைமுறைக்கு ஆகற பதிலைச் சொன்னேன். "முதல்ல தபால்ல பி.ஏ. சேரும்மா. பிளஸ் டூ முடிச்சிட்டதால உன் பட்டத்துக்குச் சிக்கல் வராது. மூணு வருஷம் முடிஞ்சதும் அந்த ஆறு மாசப் படிப்பு. வகுப்பு நோட்டை மட்டும் பத்திரமா வை. யார் யார் வந்தாங்க, என்னைக்கு முதல் தடவை பேர் எழுதினாங்கன்னு தேதி போட்டு எழுது."

உங்க குடும்பத்துலயும் ஒரு அத்தையோ சித்தியோ அறிவொளியில பாடம் சொல்லியிருக்கலாம். எந்த ஊரு, எத்தனை பேருக்குன்னு கேட்டு எழுதி வையுங்க. இப்போதைக்கு அவங்களுக்கு இருக்கிற சான்றிதழ் அது ஒண்ணுதான்.