கணக்கேடும் நாமும்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கச் செயலாளர் பணித்தபோது, நம் முன்னோர் கல்விக்கெனப் பட்ட பாடுகளை எழுதலாம் என்றே முதலில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைச் சற்றே திசை திருப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் மாலை, நம் தெரு இளைஞர் ஒருவர் தடித்த புத்தகங்கள் பலவற்றை ஒரு சாக்கில் கட்டிச் சுமந்துகொண்டு சங்க நூலகத்துக்கு வந்தார். “சார், இதையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்” என்றார். பட்டயக் கணக்காளர் இடைநிலைத் தேர்வை நான்கு முறை எழுதி நான்கு முறையும் தவறியவர் அவர். தந்தையார் எலுமிச்சைக் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறவர். “இனி நானும் அப்பாவோடு போகிறேன்” என்று அவர் சொன்னபோது, ஆறுதல் கூறக்கூட நமக்கு நா எழவில்லை.

அச்சாக்கை அன்றிரவு அவிழ்த்துப் பார்த்தோம். கணக்கியல், கம்பெனிச் சட்டம், வரி, அடக்கவிலைக் கணக்கு எனப் புத்தகங்கள். கணக்கேட்டோடு நம் மக்களுக்கு உள்ள உறவு எத்தகையது என்னும் சிந்தனை அப்போதுதான் எழுந்தது.

நம் பாட்டன்மார் கணக்கறியாதவர் அல்லர். மரக்கால் நெல்லையும் கூடைக் காயையும் எண்ணி அளந்து கொடுத்த கைகள் அவர்களுடையவை. ஆனால் எண்ணியதை எழுதி வைக்கும் ஏடு மட்டும் அவர்கள் கைக்கு வந்ததில்லை. கூலியும் கடனும் வட்டியும் வேறொருவர் ஏட்டில் இருந்தன. அவர் வாசித்ததே கணக்கு. நெல்லைச் சீமையிலிருந்து கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதையும் இதுவே. கங்காணி எழுதிய பற்று, தோட்டம் விட்டுத் தோட்டம் அவர்களைத் தொடர்ந்தது. இத்தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர் இவரை அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். 1921இல் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்படும் வரை, ஒரு மனிதனின் போக்குவரவை ஒரு கணக்குச் சீட்டே தீர்மானித்தது.

இங்கே ஊரில் கர்ணம் இருந்தார். நிலக் கணக்கு முழுவதும் அவர் வீட்டுப் பெட்டியில். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிலேயே தங்கிவிட்ட பதவி அது. 1980 நவம்பர் 14 அன்று தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்துக் கர்ணம், முன்சீப் முதலிய பகுதிநேரப் பதவிகளை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதனை உறுதி செய்தது. பின்னர்த் தேர்வு எழுதி வென்றோர் கிராம நிர்வாக அலுவலர்களாயினர். தேர்வு என்னும் ஒரு வாயில் திறந்த பிறகே ஊர்க் கணக்கு நம் பிள்ளைகள் கைக்கும் வந்தது. தேர்வை நாம் குறை கூறுவதுண்டு. அது வருமுன் இருந்த ஏற்பாட்டை நினைத்துப் பார்த்தால் குறை கூறுவதில் சற்று நிதானம் பிறக்கும்.

கம்பெனிக் கணக்கின் வரலாறு இன்னொரு வழியில் வந்தது. 1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டம், கம்பெனிகளின் கணக்கைத் தகுதிபெற்ற தணிக்கையாளர் ஆராய வேண்டுமென்று விதித்தது. அத்தகுதியை அளிக்க 1918இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் ஏற்பட்டது. தேர்வு மட்டும் போதாது. தணிக்கையாளர் ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் பெற வேண்டும். பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளப் பணம் வாங்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. கையில் பொருளும் அறிமுகமும் இல்லாதவர் அவ்வாசலை மிதித்திருக்க முடியாது. 1932இல் மைய அரசின் தணிக்கையாளர் சான்றிதழ் விதிகள் வந்தன. தேர்ந்தோர் ‘பதிவுபெற்ற கணக்காளர்’ எனப்பட்டனர். விடுதலைக்குப் பின் பட்டயக் கணக்காளர் சட்டம் 1949 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் தோன்றியது. தொடக்கத்தில் சுமார் 1,700 உறுப்பினர். இன்று நான்கு இலட்சத்துக்கும் மேல். பயிற்சியாளருக்கு இப்போது உதவித்தொகையும் உண்டு. 2023இல் வந்த புதிய திட்டம் பயிற்சிக் காலத்தை மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்துள்ளது.

இந்த வரலாற்றில் நம் மேடைகளில் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1925 ஜூன் முதல் 1928 மார்ச் வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். வழக்கறிஞர் தொழிலில் வருவாய் போதாத காலம் அது. மகாட் குளத்தில் அவர் நீர் அள்ளிய 1927 மார்ச் 20ஆம் நாள் அக்காலத்துக்குள்ளேயே அடங்கும். நம் தெருமுனைச் சிலையில் அரசியல் சட்டப் புத்தகத்தை ஏந்தி நிற்பவர், கணக்கியல் மாணவர்களுக்கு ஒப்பந்தச் சட்டம் விளக்கியவராகவும் இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்தால் அப்பாடத்தின்மேல் சற்றே பற்று உண்டாகலாம். வணிகச் சட்டம் இன்றும் நுழைவு நிலைத் தேர்வில் ஒரு தாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலண்டனில் அவர் அளித்த ‘ரூபாயின் சிக்கல்’ என்னும் ஆய்வேட்டை 1923இல் தேர்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதுமாறு கூறினர். பம்பாய் திரும்பித் திருத்தி அனுப்பி, அவ்வாண்டு முடிவதற்குள் பட்டம் பெற்றார்.

சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையாரின் வரலாறும் நினைக்கத்தக்கது. 1931இல் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தவர். வெளியே வந்து 1933இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்றார். ஆனால் சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள இயலாது என விதி குறுக்கிட்டது. வழக்காடி அத்தடையை விலக்கி, 1937இல் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் அவரே. 1955 முதல் 1958 வரை கழகத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அம்மையார் நம் சேரியிலிருந்து வந்தவர் அல்லர். ஆயினும் தேர்வில் வென்ற பின்னும் வாசலில் நிறுத்தப்படுவது எப்படியிருக்கும் என்பதை நாமறிந்த அளவு அவரும் அறிந்திருந்தார்.

இனி, தவறியவர் மீண்டும் எழுதுவது பற்றி. நான்கு மதிப்பெண் பட்டியல்களையும் கொண்டுவருமாறு அவ்விளைஞரை மறுநாள் அழைத்தோம். முதல் தொகுதியில் மூன்று தாள்கள்: உயர்நிலைக் கணக்கியல், கம்பெனி முதலிய சட்டங்கள், வரி. தாளுக்கு 100. ஒவ்வொன்றிலும் 40 வேண்டும்; மூன்றும் சேர்ந்து 150 வேண்டும். ஆகவே 48, 52, 47 பெற்றவர் எத்தாளிலும் தவறாமலே 147இல் நின்று தோற்கிறார். 40, 41, 69 பெற்றவர் தேறுகிறார். எத்தாளிலேனும் 60 பெற்றால், தொகுதி தவறினும், அத்தாளை அடுத்த மூன்று தேர்வுகளுக்கு எழுத வேண்டியதில்லை. அம்மதிப்பெண் கூட்டுத்தொகையிலும் சேரும். எனவே எல்லாப் பாடத்திலும் அரைகுறையாகப் படிப்பதைவிட, வலுவான பாடம் ஒன்றை அறுபதுக்கு மேல் உயர்த்துவது நம் போன்ற ஏழைகளுக்கு ஏற்ற சிக்கனம்.

அப்பட்டியல்களைப் பார்த்துக்கொண்டே வந்த நாம் இரண்டாவதில் திடுக்கிட்டோம். கணக்கியலில் 64 இருந்தது. சலுகை ஏன் கிட்டவில்லை? மூன்றாம் தாளுக்கு எதிரே ‘வரவில்லை’ என்றிருந்தது. சட்டத்தாள் சரியாக எழுதவில்லையென்று மனமுடைந்து வரித்தாளுக்குப் போகாமல் ஊர் திரும்பியிருக்கிறார். தொகுதியின் எல்லாத் தாள்களையும் எழுதியவருக்கே அச்சலுகை என்பது விதி. வெறுங்கையோடு போய் உட்கார்ந்து பெயரெழுதி வந்திருந்தாலும் அந்த 64 நின்றிருக்கும். இதை அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு அண்டை வீட்டு ஆடிட்டர் சொல்லியிருப்பார். நமக்கும் பிறர்க்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் இத்தகைய சிறு செய்திகளில்தான் இருக்கிறது என்பது நம் முப்பதாண்டு ஆசிரியப் பணியில் கண்டது.

பழைய குறிப்பேட்டை நம்பி மீண்டும் எழுதுவது மற்றொரு பிழை. இலக்கணம் மாறாது, சட்டம் மாறும். 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1இல் வந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்டுள்ளது. மனப்பாடமாயிருந்த பிரிவு எண்களெல்லாம் இனி வேறு. எந்தத் தேர்வுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று கழகம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அவ்வறிவிப்பையும், கழகமே வெளியிடும் திருப்புதல் வினாத்தாள்களையும் மாதிரி விடைகளையும் படிக்காமல் விலையுயர்ந்த வழிகாட்டி நூல்களை வாங்கிக் குவிப்பதில் பயனில்லை. சாக்கில் இருந்தவற்றுள் ஐந்து அத்தகையன. அவற்றில் இரண்டு காலாவதியானவை.

தன் விடைத்தாளைத் தானே பார்ப்பதைப்போல் நல்லாசிரியர் வேறில்லை. முன்பு அது முடியாதிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தேர்வர் தம் விடைத்தாளைப் பார்க்கவும் படி எடுக்கவும் உரிமையுடையவர் என்று 2011 ஆகஸ்டு 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் செலுத்தினால் சான்றளித்த படி கிடைக்கிறது. அவ்விளைஞரின் சட்டத்தாளை நாம் வரவழைத்துப் படித்தோம். நமக்குச் சட்டம் தெரியாது. ஆனால் முப்பதாண்டு விடைத்தாள் திருத்தியிருக்கிறோம். பிழை எங்கே என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்தது. வினா ஒரு வழக்கைச் சொல்லி முடிவைக் கேட்கிறது. இவரோ அறிந்ததனைத்தையும் ஒன்றரைப் பக்கம் எழுதி, முடிவைச் சொல்லாமலே அடுத்த வினாவுக்குப் போயிருக்கிறார். விதி யாது, இவ்வழக்கில் அது எவ்வாறு பொருந்தும், ஆகவே முடிவு யாது என்று மூன்று பத்தியில் எழுதப் பழக்கினோம். கடைசி இரு வினாக்கள் வெற்றிடமாயிருந்தன. 180 நிமிடத்தில் 100 மதிப்பெண். மதிப்பெண் ஒன்றுக்கு 1.8 நிமிடம். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு 9 நிமிடமே உரியது. இவர் 20 நிமிடம் செலவிட்டிருந்தார்.

இவ்வளவும் கூறும் நாம் தேர்வில் தவறாதவர் என்று எவரும் எண்ண வேண்டா. தலைமையாசிரியர் பதவி உயர்வுக்குரிய துறைத்தேர்வுகளில் கணக்குத் தேர்வும் ஒன்று. நிதி விதித்தொகுப்பு முதலிய நூல்களை மேசைமேல் வைத்துக்கொண்டே அதில் விடையெழுதலாம். அப்படியிருந்தும் இருமுறை தோற்றோம்! புத்தகம் இருக்கிறதே என்ற துணிவில் படிக்காமற்போய், பக்கம் புரட்டுவதிலேயே நேரத்தைப் போக்கினோம். எவ்விதி எந்நூலில் எப்பக்கத்தில் என்று நாமே ஓர் அட்டவணை எழுதி, காகிதத் துண்டுகளை ஒட்டி, பழைய வினாத்தாள்களுக்குக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகிய பிறகே மூன்றாம் முறை தேறினோம். தோல்வியைப் பள்ளியில் எவரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறோம்.

புரட்டாசி தொடங்கிச் சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை அவ்விளைஞர் முழுத்தாள் எழுதினார். உண்மைத் தேர்வும் அந்நேரத்தில்தான் நடைபெறுகிறது. உண்ட மயக்கத்தில் எழுதப் பழகுவதும் ஒரு பயிற்சியே. காலையில் கமிஷன் கடைக்குப் போய்ச் சிட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். அவருடன் வணிகவியல் படிக்கும் பெண்கள் இருவரும் வந்தமர்ந்தனர். கல்லூரியில் அடுத்தடுத்துத் தவறியவர்கள்தாம் அவர்களும்.

இவ்வாண்டு ஜனவரித் தேர்வின் முடிவு வந்துவிட்டது. கணக்கியல் 63, சட்டம் 46, வரி 38. இரண்டு மதிப்பெண்ணில் தாளும், மூன்று மதிப்பெண்ணில் தொகுதியும் போயின. முடிவைக் கொண்டுவந்து காட்டியவர், நாம் வாய் திறக்குமுன்பே தாளின் ஓரத்தில் கூட்டிக் கழித்து வைத்திருந்தார். 63 நிற்கிறது, எஞ்சிய இரு தாள்களில் 87 வேண்டும், மூன்று முறை உண்டு. வரித்தாளின் படிக்கு அன்றே பணம் கட்டினோம். புத்தகங்களை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய் மாதங்களாகின்றன. வெறும் சாக்கு மட்டும் நூலகத்து மூலையில் கிடக்கிறது.