எக்ஸ்புளோரரின் தடுமாற்றம்

1958ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர் 1 என்னும் செய்மதி, ஏறத்தாழ 2 மீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் விட்டமும் உடைய பென்சில் வடிவினது. நெடுக்கச்சைப் பற்றி விரைந்து சுழலவிடப்பட்ட அது, சில மணி நேரத்துள் குறுக்காகக் கவிழ்ந்து, வீசியெறிந்த தடிபோல முனைக்கு முனை சுழலலாயிற்று. இதன் காரணத்தையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

புறமுறுக்கம் இல்லாவிடின் கோண உந்தம் பருமனிலும் திசையிலும் மாறாது. 18ஆம் நூற்றாண்டில் ஒயிலர் வகுத்த சமன்பாடுகளின்படி, விறைத்த பொருளொன்று சடத்துவத் திருப்பம் மிகக்கூடிய அச்சைப் பற்றியும் மிகக்குறைந்த அச்சைப் பற்றியும் உறுதியாகச் சுழலும். இடைப்பட்ட அச்சைப் பற்றிய சுழற்சியே உறுதியற்றது. செய்மதியின் நெடுக்கச்சு மிகக்குறைந்த திருப்பத்துக்குரியது. விண்ணில் அதன்மீது தாக்கிய முறுக்கமும் அற்பமே. ஆகவே கணக்கிற் பிழையில்லை. ‘விறைத்த’ என்னும் சொல்லிலேதான் பிழை இருந்தது.

செய்மதியின் புறத்தே வளையுந்தன்மையுள்ள நான்கு அன்ரனாக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. சிறு தள்ளாட்டமும் அவற்றை வளைத்து நிமிர்த்த, சுழற்சிச் சக்தி வெப்பமாகக் கழிந்தது. கோண உந்தமோ குறையவில்லை. அதே உந்தத்துடன் மிகக்குறைந்த சக்தியிற் சுழல்வதற்குச் சடத்துவத் திருப்பம் மிகக்கூடிய அச்சே உரியது. செய்மதி அந்நிலையையே நாடிற்று. சுழற்சியைக் குலைக்கப் புறமுறுக்கம் வேண்டுமென எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பளிப்பதே. பிறேஸ்வெல், கரியட் ஆகிய இருவரும் அவ்வாண்டிலேயே நேச்சர் இதழில் இதனை விளக்கினர். 1963இல் ஏவப்பட்ட சின்கொம் 2, உயரத்திலும் விட்டம் கூடிய குட்டை உருளையாக அமைந்தது.