நோயாளி எழுதிய வரலாறு

வைத்திய வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களால் எழுதப்பட்டது. எந்த நோய்க்கு எவர் மருந்து கண்டார், எந்தக் கருவி எப்பொழுது வழக்கிற்கு வந்தது என்பனவற்றை அந்நூல்களில் நிறையக் காணலாம். கத்தியின் கீழ்க் கிடந்தவர் என்ன கண்டார், என்ன எண்ணினார் என்பது அவற்றில் அரிதாகவே இடம்பெறும். அத்தகைய அரிய சாட்சியம் ஒன்றை விட்டுச் சென்றவர் ஃபானி பேர்ணி என்னும் ஆங்கில நாவலாசிரியை.

1752 இல் பிறந்த இவர், 1778 இல் வெளியான ‘எவலினா’ என்ற நாவலாற் புகழ் பெற்றார். 1793 இல் தார்பிளே என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரியை மணந்தார். 1802 இல் பிரான்சுக்குச் சென்ற அவருக்கு, இரு நாடுகளுக்குமிடையே மூண்ட போரினாற் பத்தாண்டுகள் அங்கேயே தங்க நேர்ந்தது.

1810 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதமளவில் அவருடைய வலது மார்பிலே சிறு வலியொன்று தோன்றியது. வைத்தியரைக் காணுமாறு கணவர் மன்றாடினார். தானே தணிந்துவிடும் என்றெண்ணி அவர் நாட்களைக் கடத்தினார். நோயோ வளர்ந்தது. நெப்போலியனின் படையிற் பேர்பெற்ற சத்திரவைத்தியரான லறே முதலியோர் ஆராய்ந்து, புற்றென்றும் மார்பை நீக்குவதன்றி வேறு வழியில்லை என்றும் முடிவு கூறினர். ஈதர் என்னும் மயக்கமருந்தின் ஆற்றல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே பலரறியக் காட்டப்பட்டது 1846 இலேதான். ஆகவே, முழு நினைவுடனேயே அவர் அறுவைக்கு உட்படவேண்டியிருந்தது.

அந்த நாள் 1811 செப்டெம்பர் 30. கணவர் அக்காட்சியைக் காணலாகாது என்று கருதி, அவர் வீட்டிலில்லாதபடி ஃபானி முன்னரே ஏற்பாடு செய்துகொண்டார். வைத்தியர்கள் வரத் தாமதித்தனர். அறையிற் குவிந்திருந்த கட்டுத்துணிகளையும் பஞ்சையும் கண்டு மனங்கலங்கி, உணர்வு மரத்துப்போகும் வரையில் அங்குமிங்கும் உலாவினார். மூன்று மணிக்குக் கரிய உடை தரித்த எழுவர் உள்ளே நுழைந்தனர். கட்டிலிற் படுத்த அவருடைய முகத்தின்மீது மெல்லிய கைக்குட்டையொன்றை விரித்தனர். அதனூடாகக் கத்தியின் பளபளப்பு அவருக்குத் தெரிந்தது. வைத்தியரின் விரல் காற்றில் வரைந்த குறிகளைக் கண்டு, மார்பு முழுவதும் நீக்கப்படப்போகிறது என்பதை உணர்ந்தார். மார்பை யார் பிடித்துக்கொள்வது என்ற வினா எழுந்தபொழுது, தாமே பிடித்துக்கொள்வதாகக் கூறி எழுந்தார். அறுவை சுமார் இருபது நிமிடம் நடந்தது. வெட்டிய நேரமெல்லாம் அவர் அலறினார். எல்லாம் முடிந்து அவரைத் தூக்கியபொழுது, லறேயின் முகம் வெளிறி, இரத்தக் கறை படிந்து, துயரத்தால் வாடியிருந்ததைக் கண்டார்.

வைத்தியர் தரப்பில் எழுதப்பட்ட குறிப்பொன்றும் உண்டு. மிகுந்த வேதனை தரும் அறுவையை நோயாளி பெருந்துணிவுடன் பொறுத்துக்கொண்டார் என அது சுருக்கமாகக் கூறுகின்றது. அது பொய்யன்று. எனினும் அத்துணிவு எதனால் ஆனது என்பதை அக்குறிப்பால் அறிய இயலாது. அதனைத் தமக்கை எஸ்தருக்கு ஃபானி எழுதிய நீண்ட கடிதமே கூறுகின்றது. பல மாதங்கள் அந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசவும் அவரால் இயலவில்லை. பேசினால் அதனை மீண்டும் அனுபவிப்பதுபோல் இருந்தது. 1812 மார்ச்சில் எழுதத் தொடங்கிய கடிதம் யூனிலேதான் முடிவுற்றது. எழுதியதைத் திரும்பப் படிக்கும் திடமும் அவருக்கு வரவில்லை.

இக்கடிதத்திலே துணிவும் அச்சமும் பகைமை கொண்டு நிற்கவில்லை. நடுங்கியவரும் அவரே, கட்டிலில் ஏறியவரும் அவரே. கணவருக்காகத் துயரை மறைத்தவர், தமக்கையிடம் அதனை ஒளியாது சொன்னார். உடலின் காயம் ஆறியபின்னரும் உள்ளத்தின் காயம் ஆறுவதற்கு வேறொரு காலம் வேண்டும் என்பதையும், அதற்குச் செவிசாய்க்கும் ஒருவர் வேண்டும் என்பதையும் அக்கடிதம் பிறந்த விதமே காட்டுகின்றது.

அவருக்கு உண்மையிற் புற்றுநோய்தான் இருந்ததா என ஐயுறுவோர் இன்று உளர். ஆயினும், அதன்பின் அவர் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்து, 1814 இல் மற்றுமொரு நாவலையும் வெளியிட்டு, 1840 இல் தமது 87 ஆவது வயதிற் காலமானார் என்பது உறுதி. மயக்கமருந்து வந்தது. தொடக்க நிலையிற் கண்டறிந்தால், பலருக்கு மார்பு முழுவதையும் நீக்கவேண்டியதில்லை என்பதை 1985 இல் வெளியான ஆய்வு முடிவுகள் உறுதிப்படுத்தின. சத்திரசிகிச்சையின் வேதனை பெரிதும் குறைந்துவிட்டது. முடிவுக்காகக் காத்திருக்கும் நெஞ்சின் வேதனையோ அன்றுபோலவே இன்றும் உள்ளது. சிறு வலியென்று நாட்கடத்தாதிருத்தல் ஒரு பாடம். நோயுற்ற பெண்ணைத் துணிவுடையவள் என்று புகழ்ந்துவிட்டு அகலாது, அவள் சொல்வதை அமர்ந்து கேட்டல் மற்றொரு பாடம்.