தொண்ணூறு நாட்களின் வரலாறு

வீசா என்னும் சொல்லுக்கு இலத்தீன் மொழியிலே 'பார்க்கப்பட்டது' என்பதே பொருள். அதிகாரி ஒருவர் பயணியின் தாளைப் பார்த்தார். பார்த்தமைக்கு அடையாளமாக முத்திரை இட்டார். பண்டைய வழக்கம் அவ்வளவே. இன்று பிரான்சிலோ ஜேர்மனியிலோ வாழும் மகளின் திருமணத்திற்கு மூன்று கிழமை சென்றுவர விரும்பும் இலங்கைத் தாய் ஒருத்தி விண்ணப்பித்தால், பார்க்கப்படுவது தாள் அன்று. அவளுடைய வங்கிக் கணக்கு, கணவனின் சம்பளச் சான்று, காணி உறுதி, விவாகப் பதிவு, போக்குவரத்துச் சீட்டின் முன்பதிவு, பத்து விரல்களின் ரேகை ஆகிய யாவும் பார்க்கப்படுகின்றன. இத்தனை பத்திரங்களும் ஒரேயொரு கேள்விக்கே விடை கூறவேண்டியுள்ளன: 'நீர் திரும்பிப் போவீரா?'

நாடுகள் உள்ளவரை இக்கேள்வியும் இருந்தது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இக்கேள்வி அண்மையிலே பிறந்தது. அது யாரை நோக்கிப் பிறந்தது என்பதை அறிந்தால், அது இன்று நம்மை நோக்கித் திரும்பியிருப்பதன் காரணமும் விளங்கும்.

நிலமானிய காலத்துப் பயணப் பத்திரங்கள் பெரும்பாலும் வருவோனைத் தடுக்க எழுந்தன அல்ல; போவோனைத் தடுக்கவே எழுந்தன. பண்ணையாளின் உழைப்பு நிலவுடைமையாளனின் சொத்து. அச்சொத்து கால் முளைத்து நடந்துவிடக் கூடாது. ஜார் ஆட்சியின் ரஷ்யாவிலே குடியானவன் தன் ஊரைவிட்டு அயலூரிலே பிழைக்கச் செல்வதற்கும் பத்திரம் வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சி இத்தகைய கட்டுகளையும் அறுக்க முனைந்தது. 1791ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பு, எங்கும் செல்லவும் தங்கவும் நீங்கவும் மனிதனுக்குள்ள உரிமையை எழுத்திலே பொறித்தது. ஆயின் அவ்வாண்டு ஜூனில் மன்னன் பதினாறாம் லூயி, ரஷ்யச் சீமாட்டி ஒருத்தியின் பெயரிற் பெற்ற கடவுச்சீட்டுடன், அவளுடைய பணியாளனாக வேடமிட்டுத் தப்பியோடி, வரென் என்னும் சிற்றூரிலே பிடிபட்டிருந்தான். ஓடிப்போன பிரபுக்கள் எல்லைக்கு அப்பால் படை திரட்டிக் கொண்டிருந்தனர். 1792இலே கடவுச்சீட்டு மீண்டும் கட்டாயமாயிற்று. உரிமைக்கு ஆயுள் சில மாதங்களே.

அதனை மெய்யாகத் தளர்த்தியது புரட்சியன்று, தொழிற்சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதலாளித்துவத்திற்குப் புகையிரதப் பாதை வேண்டியிருந்தது. அப்பாதை வழியே வந்து இறங்கும் கைகளும் வேண்டியிருந்தன. வடஜேர்மன் கூட்டாட்சி 1867இலே கடவுச்சீட்டையும் வீசாவையும் நீக்கிச் சட்டம் இயற்றியது. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியிலே பயணி தன்னை யாரென்று நிறுவவேண்டிய தேவை குறைந்தது. ரஷ்யாவும் துருக்கியும் பழைய வழக்கையே பிடித்து நின்றன. 1849இலே கார்ல் மார்க்ஸ் நாடுகடத்தப்பட்டவராக லண்டன் வந்தபோது எவ்வளவு காலம் தங்குவீர் என்று எவரும் கேட்கவில்லை. 1902இலே அங்கு வந்த லெனின், யாக்கோப் ரிக்டர் என்னும் பெயரிலே பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலைக்கு அனுமதி பெற்றுப் படித்தார். பிரித்தானிய ஆளும் வர்க்கம் புரட்சியாளர்மீது கொண்ட அன்பினால் அன்று இது நிகழ்ந்தது. ஆட்கள் வந்துபோவதைத் தடுப்பது வாணிகத்திற்கு இடையூறு என அவர்கள் கருதியதே காரணம்.

அக்கதவு முதலில் யாருக்கு மூடப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. கிழக்கு ஐரோப்பாவிலே நடந்த கொலைவெறிக்கும் வறுமைக்கும் தப்பி யூதத் தொழிலாளர் கிழக்கு லண்டனிலே குடியேறியபோது, 1905ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் வந்தது. அச்சட்டம் எல்லா அந்நியரையும் தொடவில்லை. இருபதுக்கு மேற்பட்ட அந்நியரைக் கப்பலின் கீழ்த்தட்டிலே ஏற்றிவந்த கலங்களையே அது சோதித்தது. மேல்தட்டு அறையிலே கட்டணம் செலுத்தி வந்தவனை அதிகாரி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அந்நியன் என்றாலே ஏழை அந்நியன்.

பிறகு 1914 வந்தது. போர் தொடங்கிய மறுநாள், ஆகஸ்ட் 5ஆம் திகதி, பிரித்தானியப் பாராளுமன்றம் அந்நியர் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றியது. ஏனைய நாடுகளும் அவ்வழியே சென்றன. கடவுச்சீட்டிலே புகைப்படம் ஒட்டப்பட்டது. இவை யாவும் போர்க்காலத்துக்கு மட்டும் என்றே கூறப்பட்டன. போர் முடிந்தபின், 1920 அக்டோபரில், சர்வதேச சங்கம் பாரிசிலே ஒரு மாநாட்டைக் கூட்டியது. இக்கட்டுகளை முற்றாக நீக்கும் நாள் வரும் என்று மாநாடு நம்பிக்கை தெரிவித்தது. அதுவரைக்கும் எல்லா நாடுகளுக்கும் ஒரேமாதிரியான முப்பத்திரண்டு பக்கப் புத்தகம் ஒன்றை வகுத்தது. 1926இலே ஜெனீவாவிலே மீண்டும் கூடினார்கள். நீக்க இயலாது என்று கண்டார்கள். இன்று நம் கையிலுள்ள கடவுச்சீட்டு, தற்காலிகம் என்று வகுக்கப்பட்ட அப்புத்தகத்தின் வழிவந்ததே.

நாம் தேடும் கேள்வி தன் முழு உருவிலே தோன்றியது 1938இல். அவ்வாண்டு மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கினான். வியன்னாவிலிருந்து யூதர் சுவிற்சர்லாந்தை நோக்கி ஓடினர். சுவிஸ் அரசு உடனே ஒஸ்திரியக் கடவுச்சீட்டு உடையோருக்கு வீசாவைக் கட்டாயமாக்கியது. ஆயின் அக்கடவுச்சீட்டுகள் ஜேர்மன் கடவுச்சீட்டுகளாக மாற்றப்படலாயின. ஜேர்மனியருக்கோ வீசா தேவையில்லை. ஜேர்மனியர் யாவருக்கும் வீசா விதித்தால் உல்லாசப் பயணமும் வாணிகமும் கெடும். விதிக்காவிட்டால் யூதர் வருவர். திரும்பிச் செல்லக்கூடிய ஜேர்மனியனையும் திரும்பிச் செல்லவியலாத ஜேர்மனியனையும் எல்லையிலே பிரித்தறிவது எப்படி? இரு அரசுகளின் அதிகாரிகளும் பேச்சுவார்த்தை நடத்தினர். விடை அக்டோபர் 5ஆம் திகதி வெளிவந்தது: ஜேர்மன் யூதரின் கடவுச்சீட்டுகள் செல்லாதனவாக்கப்பட்டன; 'ஜே' என்னும் சிவப்பு எழுத்துப் பொறிக்கப்பட்ட பின்னரே அவை மீண்டும் செல்லுபடியாயின. 1995இலே சுவிஸ் ஜனாதிபதி இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

'நீர் திரும்பிப் போவீரா?' என்று கேட்கும் எல்லை, யார் திரும்பிப் போக முடியாதவரோ அவரைக் கண்டறிவதற்காகவே அதனைக் கேட்கிறது. அடைக்கலம் மிகத் தேவையானவன் யாரோ, அவனே வீசாவிற்குத் தகுதி மிகக் குறைந்தவன். இத்தருக்கம் ஹிட்லரின் தனிக் கண்டுபிடிப்பன்று என்பதை அழுத்திக் கூறவேண்டும். ஜனநாயக நாடொன்றின் பொலிஸ் அலுவலகமும் அதன் ஆக்கத்திலே பங்கு கொண்டது. ஈராண்டின்பின், 1940 செப்டெம்பரில், மார்க்சியத் திறனாய்வாளர் வால்ற்றர் பென்யமின் அமெரிக்க வீசாவைக் கையிலே கொண்டு பிரான்சிலிருந்து மலை கடந்து ஸ்பெயினின் போர்ட்போ நகரை அடைந்தார். பிரான்சைவிட்டு வெளியேறும் அனுமதி அவரிடம் இருக்கவில்லை. திருப்பி அனுப்பப்படுவார் என்ற நிலையிலே அங்கேயே உயிர் நீத்தார்.

போருக்குப்பின் ஐரோப்பாவை மீளக் கட்டக் கைகள் தேவைப்பட்டன. கேள்வி சிறிது காலம் வாய் மூடியது. மேற்கு ஜேர்மனி 1955இலே இத்தாலியுடனும் 1961இலே துருக்கியுடனும் தொழிலாளரை அழைக்க ஒப்பந்தம் செய்தது. பொதுநலவாய நாட்டார் 1962ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பிரித்தானியாவினுள் தடையின்றி நுழைந்தனர்; இலங்கையரும் அவ்வாறே சென்றனர். 1973இலே எண்ணெய் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஜேர்மனி ஆட்சேர்ப்பை நிறுத்தியது. 1980 அக்டோபரில், துருக்கியிலே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய சில கிழமைகளுள், துருக்கியருக்கு வீசா விதித்தது. மனிதர் ஓடிவரவேண்டிய நேரமும் கதவு மூடப்படும் நேரமும் ஒன்றாயிருப்பது தற்செயல் அன்று.

அதனை நாம் அனுபவித்தே அறிந்தோம். 1983 ஜூலைக்குப்பின் இலங்கைத் தமிழர் ஐரோப்பாவை நோக்கிப் பெருமளவிலே செல்லலாயினர். 1985ஆம் ஆண்டின் மூன்று மாதங்களை மட்டும் எடுத்து நோக்குவோம். மே மாத இறுதியில் பிரித்தானியா இலங்கையருக்கு வீசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது அது வீசா விதித்தது அதுவே முதன்முறை. ஜூன் 14ஆம் திகதி, லக்சம்பேர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரருகே, மோசல் நதியிலே நின்ற படகொன்றில், பிரான்சு, மேற்கு ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஐந்து நாடுகள் தமக்கிடையேயுள்ள எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்க ஒப்பமிட்டன. முந்தைய ஆண்டு எல்லைகளிலே காத்துச் சலித்த பாரவண்டிச் சாரதிகள் நெடுஞ்சாலைகளை மறித்தமையும் அதற்கொரு தூண்டுதலாயிருந்தது. அதே ஒப்பந்தம் வீசாக் கொள்கையை ஒன்றாக்கவும் வெளியிலிருந்து வருவோரைத் தடுக்கவும் வழிகோலியது. உள்மதில் இடிந்த கற்கள் வெளிமதிலுக்கு ஏறின.

மூன்றாவது நிகழ்ச்சியை எழுதும்போது இடதுசாரிகளாகிய நமக்கு மனம் கசக்கும். எனினும் எழுதத்தான் வேண்டும். அக்காலத்திலே தமிழர் பலர் கிழக்கு பேர்லினிலே விமானமிறங்கி, பிரீட்றிக்ஸ்ட்ராச நிலையத்திலே நகரப் புகையிரதம் ஏறி மேற்கு பேர்லினை அடைந்தனர். அக்கோட்டைச் சர்வதேச எல்லையாக மேற்கு ஏற்காததால் அங்கே அதன் காவல் இல்லை. 1985 ஜூலையில் கிழக்கு ஜேர்மனி, மேற்குக்கான வீசா இல்லாத தமிழரை இவ்வழியே விடுவதை நிறுத்த இணங்கியது. அதே மாதம் இரு ஜேர்மனிகளின் வாணிகத்திலே கிழக்குக்கு மேற்கு அளிக்கும் வட்டியில்லாக் கடனின் எல்லையும் உயர்த்தப்பட்டது. தொழிலாளர் அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட ஓர் அரசின் கணக்கேட்டிலே நமது அகதிகள் பேரப் பொருளாக இடம்பெற்றனர்.

1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலே, திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர் ஓடுபாதையருகே தம் மேலுடைகளைக் களைந்து எதிர்த்தனர். அவ்வாண்டே பிரித்தானியா, உரிய பத்திரமின்றி ஏற்றிவரப்படும் ஒவ்வொரு பயணிக்கும் விமானக் கம்பனிக்கு ஆயிரம் பவுண் தண்டம் விதித்தது. எல்லைக் காவலனின் வேலை பயணச்சீட்டைப் பரிசோதிக்கும் குமாஸ்தாவிடம் கைமாறியது. எல்லை கட்டுநாயக்காவுக்கே வந்து சேர்ந்தது.

இன்றைய ஷெங்கன் வட்டத்திலே இருபத்தொன்பது நாடுகள் உள்ளன. குறுகியகால வீசாவை ஆள்வது 2009ஆம் ஆண்டின் வீசாச் சட்டக்கோவை. எந்த நூற்றெண்பது நாட்களை எடுத்தாலும் அதனுள் தொண்ணூறு நாட்களே தங்கலாம். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் தொண்ணூறு யூரோ. ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்திலே அது எத்துணைப் பங்கு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். வீசா மறுக்கப்பட்டாலும் பணம் மீளாது. விண்ணப்பத்தை வாங்குவதுகூடப் பல இடங்களிலே தனியார் கம்பனியின் தொழில். மறுப்பும் அச்சிட்ட படிவத்திலே ஒரு கட்டத்திற் புள்ளடியாக வரும். அக்கட்டங்களுள் ஒன்று, காலம் முடியுமுன் நாட்டைவிட்டு நீங்கும் எண்ணம் உமக்குண்டு என்பதில் நியாயமான ஐயம் உள்ளதென்று கூறும். எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? சொத்தைக் காட்டியே நிரூபிக்கவேண்டும். காணி உள்ளவன் திரும்புவான்; நிரந்தரத் தொழில் உள்ளவன் திரும்புவான்; இளைஞன், மணமாகாதவன், கூலியுழைப்பாளி ஆகியோரிடம் ஐயம் எழும். 1905இலே கப்பலின் கீழ்த்தட்டை மட்டும் சோதித்த சட்டத்தின் பார்வை இங்கே வங்கிக் கூற்றினுள் புகுந்திருக்கிறது. மறுப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம் என்பது மெய்யே. ஆயின் தீர்ப்பு வருமுன் திருமணம் நடந்து முடிந்துவிடும்; மரணச்சடங்காயின் சொல்லவே வேண்டாம்.

ஐரோப்பாவிலே காலூன்றாமல், அங்குள்ள விமான நிலையமொன்றிலே விமானம் மாறி அப்பாற் செல்பவரும் தப்ப முடியாது. அவ்வாறு மாறுவதற்கும் வீசா பெறவேண்டிய பன்னிரண்டு நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்று அச்சட்டக்கோவையின் பின்னிணைப்பிலே உள்ளது. ஆப்கானிஸ்தான், ஈராக், சோமாலியா, எரித்திரியா முதலிய போரும் பஞ்சமும் தின்ற நாடுகளின் அவ்வரிசையிலே இலங்கையும் இருக்கிறது. அவ்விதிக்கு விலக்குப் பெறுவோருமுண்டு: அமெரிக்காவோ கனடாவோ யப்பானோ முன்னரே வீசா வழங்கியிருந்தால் அந்தத் தாளை மீண்டும் பார்க்கவேண்டியதில்லை.