சிற்றுருவ இரயிலும் பழனி மலையின் வரலாறும்

மேசையின் மீது மலை ஒன்றை எழுப்பி, அதன் அடியில் இருப்புப்பாதை போட்டு, ஒரு சாண் நீளமுள்ள எஞ்சினை ஓட விட்டு மகிழ்வது, பல நாடுகளில் வயது வந்தோருக்கும் உரிய பொழுதுபோக்காக இருந்து வருகிறது. அதைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால், அதை ஒழுங்காகச் செய்ய முனைகிறவன் சிறிது காலத்திலேயே வரலாற்று மாணவனாக மாறிவிடுவான் என்பதே இன்று நான் கூற வந்த கருத்து. மலையைக் கட்டும்போதும் அவன் வரலாற்றைக் கேட்டாக வேண்டும். பழைய எஞ்சினைப் பழுது பார்க்கும்போதும் அவன் வரலாற்றைக் கேட்டாக வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக நம் பழனி மலையையே கொள்வோம்.

முதலில், சிறிய உருவங்களை இகழலாகாது என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில், பாடம் நடத்துவதற்கென நியூகோமன் நீராவி இயந்திரத்தின் சிற்றுருவம் ஒன்று இருந்தது. அது சரிவர ஓடவில்லை. 1763-64ஆம் ஆண்டுகளில், அங்குக் கருவிகள் செய்யும் தொழிலாளியாக இருந்த ஜேம்ஸ் வாட் என்ற இளைஞரிடம் அதைப் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். அவர் அதைச் சீர்படுத்தி ஓட்டினார். சில அடிகள் அடித்ததும் கொதிகலத்தில் நீராவி தீர்ந்து போயிற்று. ஏன் தீர்ந்தது? உருளை சிறிதாகச் சிறிதாக, அதன் கொள்ளளவை நோக்க அதன் சுவரின் பரப்பு மிகுதியாகும். குளிர்ந்த சுவரில் பட்டு நீராவி வீணே நீராகிவிடுகிறது. பெரிய இயந்திரத்திலும் இந்த நட்டம் இருந்தது. ஆனால் அங்கு அது கண்ணுக்குத் தெரியவில்லை. சிறிய உருவம் அதைக் காட்டிக் கொடுத்தது. நீராவியைத் தனிக் கலம் ஒன்றில் குளிர்விக்கும் முறையை 1765-இல் வாட் கண்டார். 1769-இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பழுதுபட்ட ஒரு சிற்றுருவத்தைத் திருத்தப் போய், உலகின் தொழில் வரலாறே திரும்பியது.

இரயில் எஞ்சினின் கதையும் இவ்வாறே. வில்லியம் மர்டாக் என்பவர் 1784-இல் நீராவியால் தானே ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்தார். தண்டவாளத்தின் மீது பெரிய எஞ்சினை டிரெவிதிக் ஓட்டிக் காட்டியது 1804-இல்தான். எனவே, பெரியதைப் பார்த்துச் சிறியது பிறந்தது என்று நாம் எண்ணுவது முழுவதும் சரியன்று. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் அளவு ஒழுங்குடைய பொம்மை இரயில்களை விற்கத் தொடங்கியதும், இங்கிலாந்தில் 1920 முதல் ஹார்ன்பி இரயில்கள் வந்ததும் இவற்றுக்கெல்லாம் பிற்பட்ட செய்திகள்.

நிற்க. மலை கட்டும் கலை மேலை நாட்டாருக்கே உரியது என்றும் எண்ண வேண்டா. நவராத்திரிக் கொலுவின் முன்னே நம் வீட்டுப் பிள்ளைகள் 'பார்க்' கட்டுவதை நீங்கள் அறிவீர்கள். மணலைக் குவித்து மலையாக்குவார்கள். கேழ்வரகையோ கடுகையோ தூவி முளைக்க வைத்துப் புல்வெளி ஆக்குவார்கள். தட்டில் நீர் நிரப்பித் தெப்பக்குளம் என்பார்கள். கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வீடுகளிலும் இதே கைவண்ணத்தைக் காணலாம். காகிதக் கூழும் களிமண்ணும் சாக்குத் துணியும் கொண்டு குன்று அமைக்கத் தெரிந்த எவருக்கும், இரயிலுக்குரிய இயற்கைக் காட்சியை அமைப்பது புதிய வித்தை அன்று. புதிதாகத் தேவைப்படுவது ஒன்றே: அளவு.

உலகில் மிகுதியாக வழங்கும் 'ஹெச்.ஓ.' அளவில், எல்லாப் பொருளும் 87இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஐந்தே முக்கால் அடி மனிதன் 2 சென்டிமீட்டர் உயரம் ஆவான். சரி, கோடைக்கானல் என்ன ஆகும்? அது கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,130 மீட்டர் உயரத்தில் உள்ளது. 87ஆல் வகுத்துப் பாருங்கள். 24 மீட்டருக்கு மேல் வரும்; அதாவது எட்டு மாடிக் கட்டடம்! கோடை ரோடு நிலையத்திலிருந்து கோடைக்கானலுக்கு மலைச்சாலை வழியே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அது சுருங்கிய பின்னும் 900 மீட்டருக்கு மேல் நீளும். நம்மிடம் உள்ளதோ இரண்டு மீட்டர் மேசை.

ஆகவே, மலை கட்டுகிறவன் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும். நிலையத்தை மேசையில் அமைப்பான். மேற்கே தெரியும் பழனி மலையைப் பின்னுள்ள பலகையில் நீலம் கலந்த மங்கிய வண்ணத்தில் தீட்டுவான். கிழக்கே சிறுமலையின் சாயலைக் காட்டுவான். எதை விடலாம், எதை விட்டால் இடமே மாறிவிடும் என்று ஆராய்வதுதான் அவனுடைய முதல் வேலை. வரலாறு எழுதுகிறவனுடைய முதல் வேலையும் அதுவே அன்றோ?

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. எந்த ஆண்டு?

1875ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு மீட்டர் அளவுப் பாதை வந்த ஆண்டு அது. இன்று நாம் கோடை ரோடு என்று அழைக்கும் நிலையத்திற்கு அந்நாளைய பெயர் அம்மையநாயக்கனூர். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார்கள் 1845 முதலே கோடைக்கானலில் வீடு கட்டி வாழத் தொடங்கியிருந்தனர். லெவிஞ்சு துரை முயற்சியால் 1863-இல் ஏரியும் அமைந்துவிட்டது. ஆனால் மோட்டார்ச் சாலை இல்லை. இரயிலை விட்டு இறங்கியோர் மாட்டு வண்டியில் பெரியகுளத்துப் பக்கம் சென்று, மலையடித் தோப்பிலிருந்து குதிரையிலும் டோலியிலும் கால்நடையாகவும் ஏறினர். ஆகவே, அந்த ஆண்டின் நிலையத்துக்கு வெளியே மாட்டு வண்டிகள் நிற்க வேண்டும். ஒரு மோட்டார் பஸ் நின்றால் அது பொய். மேஜர் லா என்பவர் பெயரால் வழங்கும் மலைச்சாலை 1910களில்தான் அமைந்தது.

மரங்களும் அப்படியே. இன்று நிலையத்தைச் சுற்றிச் சீமைக் கருவேலம் காண்கிறோம் என்று அதை 1875-இல் நட்டுவிடக் கூடாது. அம்மரம் இந்நாட்டுக்கு வந்ததே 1870களில். பரவியது அதற்கும் வெகு காலம் பிற்பட்டு. பனையும் வேலமும் உடையும் இருக்கலாம். மலையுச்சியில் இன்று காணும் பைன் தோப்புகளும் வாட்டில் காடுகளும் மனிதன் கொண்டு வந்து வைத்தவை. அவற்றுள் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில் வளர்க்கப்பட்டவை. பழைய பழனி மலையின் மேற்பரப்பு அலை அலையான புல்வெளி. அதன் மடிப்புகளில் மட்டும் கருத்து அடர்ந்த சோலைக் காடு. குறிஞ்சி பூத்த நீல மலையைக் காட்ட விரும்பினாலோ, 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் ஆண்டாகப் பார்த்துத் தேர வேண்டும். 2006, 2018 போன்ற ஆண்டுகள் அவை. பச்சை வண்ணத்தைக் குழைப்பதற்கு முன்னே இத்தனை ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது.

இனி 1928ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஓராண்டிலேயே பழனி மலையின் இரு பக்கங்களிலும் புதிய பாதைகள் திறக்கப்பட்டன. வடக்கு அடிவாரத்தில் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ஒன்று. தெற்கே மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு மற்றொன்று. கிழக்கே முன்னரே இருந்த பாதையையும் சேர்த்தால், மலையை மூன்று பக்கமும் இரயில் சூழ்ந்துகொண்டது. ஆயினும் மலை மீது அது ஏறவே இல்லை.

போடிப் பாதைக்கு ஒரு தனிச் சோகம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அதன் தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. 1950களில் மீண்டும் போடப்பட்டன. அகலப் பாதையாக மாற்றுவதற்காகப் பின்னர் மூடப்பட்டு, தேனி வரை 2022-இலும் போடி வரை 2023-இலும் மறுபடி வண்டி ஓடலாயிற்று. 1945ஆம் ஆண்டின் போடிப் பாதையை ஒருவன் அமைப்பானாயின், அவன் போட வேண்டியது தண்டவாளம் அன்று. தண்டவாளம் இழந்த வெறும் மண் மேட்டையே காட்ட வேண்டும். போரின் கொடுமையை அந்த வெறுமை போலக் காட்டும் பாடப் புத்தகம் அரிது.

மலையை விட்டு இனி எஞ்சினுக்கு வருவோம். ஐரோப்பாவில் செய்த 'ஹெச்.ஓ.' எஞ்சின் ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் வரும். அது இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்கும் பாதை. நம் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். மீட்டர்ப் பாதை 1,000 மில்லிமீட்டர். கடையில் வாங்கிய எஞ்சின் நம் ஊர்ப் பாதை எதற்கும் பொருந்தாது! நம் பாதைகள் பலவாக அமைந்த கதையை இந்தச் சிறு கணக்கே நினைவூட்டுகிறது. 1950களில் கோடை ரோடு வழியே ஓடிய 'ஒய்.பி.' என்னும் பயணி வண்டி எஞ்சினைக் காண விரும்புகிறவன், அதைத் தன் கையாலேயே செய்ய வேண்டும். அல்லது பழைய எஞ்சின் ஒன்றைத் திருத்தி அமைக்க வேண்டும்.

பழைய சிற்றுருவ எஞ்சின் ஏன் நிற்கிறது? பெரும்பாலும் காரணம் எளியது. சக்கரத்தில் அழுக்குப் படிந்து மின்சாரம் ஏறாது, பல்சக்கரத்தில் இட்ட மசகு பிசினாகி இறுகிவிடும், மோட்டாரின் கரித் துண்டு தேய்ந்து போகும், காந்தம் வலுவிழக்கும். இவற்றைச் சரி செய்யலாம். ஆனால் 1930களில் வார்த்த துத்தநாகக் கலவைப் பாகங்கள் சிலவற்றுக்கு ஒரு நோய் உண்டு. உலோகத்தில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் அது உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொடியாகும். அதற்கு மருந்து இல்லை. புதிய பாகம் வார்ப்பதே வழி.

இங்கு ஓர் ஒழுக்கம் தேவை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சிதைந்த இடத்தில் தம் சொல்லை நுழைத்து நிரப்பிவிடவில்லை. பல படிகளை ஒப்பிட்டுப் பார்த்தே பாடம் தெளிந்தார். எஞ்சினைத் திருத்துகிறவனும் அவ்வாறே நடக்க வேண்டும். எது பழைய பாகம், எது தான் சேர்த்தது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். பளபளப்புக்காகப் பழைய வண்ணத்தைச் சுரண்டி எறிபவன், ஏட்டைக் கழுவி வெள்ளையாக்குபவனுக்கு ஒப்பாவான்.

பெரிய எஞ்சின்களுக்கும் இந்நெறியே பொருந்தும். பழனி மலை மீது இரயில் ஏறவில்லை என்றேன். ஆகவே மலையேறும் எஞ்சினைக் காண நாம் நீலகிரிக்குத்தான் செல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் அந்த இரயில் வந்தது. செங்குத்தான பகுதியில், ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி வீதம் பாதை உயர்கிறது. வெறும் சக்கரம் அங்கே வழுக்கும். எனவே தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறும். 'எக்ஸ்' வகை எஞ்சினில் உருளைகள் நான்கு: இரண்டு சாதாரணச் சக்கரத்தை இயக்கும், அங்கு உழைத்து வெளிவந்த நீராவியே மற்ற இரண்டிற்கும் சென்று பல்சக்கரத்தைச் சுழற்றும். இவற்றைச் செய்தது சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை. கடைசி எஞ்சின்கள் 1952-இல் வந்தவை.

அதற்குப் பின் புதியது கிடையாது. பாகம் தேய்ந்தால் யாரைக் கேட்பது? திருச்சியை அடுத்த பொன்மலைத் தொழிற்சாலையைத்தான். நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் இறுதியில் அங்கு இடம் மாறிய இத்தொழிற்சாலையின் தொழிலாளர்கள் அந்த எஞ்சின்களைக் கழற்றிப் பழுது பார்த்து வந்தார்கள். அந்தப் பழக்கம் வீண் போகவில்லை. 2011 முதல், எண்ணெயால் இயங்கும் புதிய 'எக்ஸ்' எஞ்சின்களை அவர்களே செய்தனர். 2021-இல் நிலக்கரியால் இயங்குவதையும் செய்து முடித்தனர். அதைப் போலவே, 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்து, பல்லாண்டுகள் காட்சிப் பொருளாய் நின்றுவிட்ட 'எக்ஸ்பிரஸ்' என்னும் எஞ்சினைப் பெரம்பூர்த் தொழிற்சாலையார் 2010-இல் மீண்டும் ஓட வைத்தனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாது? வரைபடத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். கைப்பழக்கத்தை அப்படிப் பூட்டி வைக்க இயலாது. அது ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் சென்றுகொண்டே இருக்க வேண்டும். இடையில் ஒரு தலைமுறை கைவிட்டால், வரைபடம் இருந்தும் பயன் குன்றும். மீட்டர்ப் பாதை நம் ஊர்களிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டது. கரி அள்ளிப் போட்டவரும், கைகாட்டி மரத்தை இறக்கியவரும், டோக்கன் வாங்கிக் கொடுத்தவரும் இன்று முதியோர். அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் காலம் இன்னும் நெடுநாள் நீளாது.

ஆகையால், மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊர் இரயில் நிலையம் எதுவாயினும் ஆகுக. அது பழனியாகவோ கோடை ரோடாகவோ போடியாகவோ இருக்கலாம். ஓர் ஆண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த ஆண்டில் எந்த வண்டி வந்தது, நடைமேடையில் எந்த மரம் நிழல் தந்தது, எஞ்சினுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அங்கு வேலை பார்த்த ஒரு பெரியவரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அட்டையும் களிமண்ணும் கொண்டு அதைக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் அந்தப் பெரியவரையே அழைத்து வந்து காட்டுங்கள். எது தவறு என்று அவர் சொல்லுவார். அதைத் திருத்திவிட்டு, அந்த உருவத்தை உங்கள் பள்ளியில் வையுங்கள்.