ஆள் ஏறுமுன் ஓடம்

சிரம்பானை அடுத்த ராசா வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நமக்கு ஒன்று தெரியும். மரம் சீவப் பழகுகிறவரை எடுத்த எடுப்பில் நல்ல மரத்தில் விடுவதில்லை. வெட்டி வீழ்த்தப்போகும் கிழ மரத்தில் கத்தி பிடித்தால், பட்டையில் காயம் பட்டாலும் நட்டமில்லை. நிலாவுக்கு ஓடம் விட்டவர்களும் இப்படித்தான் பழகினார்கள்.

1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவில் அப்பல்லோ விண்கலத்தைத் தரையில் வைத்துச் சோதித்தபோது தீப்பற்றியது. உள்ளிருந்த மூன்று வீரர்கள் மாண்டனர். அவர்களைச் சுமக்க இருந்த ராக்கெட் மட்டும் சேதமின்றித் தப்பியது. அதே ராக்கெட்தான் 1968 ஜனவரி 22 அன்று, நிலாவில் இறங்குவதற்கான ஓடத்தை முதன்முதலாக விண்ணுக்கு ஏற்றிச் சென்றது. அப்பயணத்தின் பெயர் அப்பல்லோ 5. ஓடத்தில் ஆளில்லை, கால்களும் இல்லை. பூமியைச் சுற்றியபடி அதன் இயந்திரங்களை இயக்கிப் பார்ப்பதே நோக்கம்.

இறங்கு இயந்திரம் எரியத் தொடங்கிய நான்கே விநாடியில் கணினி அதை நிறுத்திவிட்டது. உந்துவிசை எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை என்று அது கணக்கிட்டதே காரணம். தரையிலிருந்தவர்கள் மாற்றுத் திட்டத்தைக் கையாண்டு சோதனையை முடித்தார்கள். 1969 ஜூலை 20 அன்று அவ்வகை ஓடத்தில் இருவர் நிலாவில் இறங்கினர்.

இனி நம் முன்னோர் நாட்டுக்கு வருவோம். இந்தியா அனுப்பிய சந்திரயான்-2இன் ‘விக்ரம்’ ஓடம் 2019 செப்டம்பர் 7 அன்று நிலாவில் மோதிச் சிதறியது. அதிலும் ஆளில்லை; ஆகவே உயிர்ச்சேதமில்லை. பிழையை ஆராய்ந்தார்கள். புதிய ஓடத்தின் கால்களை வலுப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். அரைக் கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தார்கள்.

நம் பாட்டன்மார் சிலர் கப்பலேறி வந்த பழைய சேலம் மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறை, நிலாப் பாறையை ஒத்தது. அதை அரைத்த மண்ணைப் பரப்பி, ஓடத்தின் கால்களையும் ஊர்தியின் ஓட்டத்தையும் சோதித்தார்கள்.

சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். 2023 ஆகஸ்டு 23 அன்று, மலேசிய நேரப்படி இரவு 8.34 மணிக்கு, அதன் ஓடம் நிலாவின் தென்துருவப் பகுதியில் மெல்ல இறங்கியது.

நேயர்களே, ஆளில்லாத ஓடத்தில் கண்ட பிழை, பின்னால் ஏறப்போகும் ஓர் உயிரைக் காக்கிறது. பழகும்போது நேரும் பிழைக்கு நம் பிள்ளைகளைக் கடியாமல், அது எங்கே நேர்ந்தது என்று உடனிருந்து பார்ப்போமாக.